திரும்பி வரும் லாரி

பகாவ் சடக்கில் மெதுவாக நடந்தோம்.
பலகைக் கடை தவுக்கே இறந்து மூன்றாம் நாள்.
முன்னால் காகிதக் குதிரை, காகித மெர்சிடிஸ்.
பின்னால் நாங்கள் ஆறு பேர்,
தோள் தொங்கும் வெள்ளைச் சட்டையில்.
ஆளுக்கு எழுபது வெள்ளி, ஒரு பொட்டலம் கோழிச்சோறு,
துக்கம் கூடவே வீட்டுக்கு வராமலிருக்கப்
பித்தானில் ஒரு சிவப்பு நூல்.

வார நாளில் நான் செம்பனை ஆலையில்
எடைச் சீட்டு எழுதுகிறவள். இங்கே கிளாரினெட்.
அலோசியஸ் டிரம்பெட்; பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்.
டிரம் மாட்டியவன் ஒச்சப்பன்.
அவன் அடி எப்போதும்
ஒரு மயிரிழை பிந்தி விழும்.
"தப்பு" என்று பல்லைக் கடித்தார் அலோசியஸ்.
"ஆமாண்ணே, தப்புதான்.
சின்னதிலேருந்து அதைத்தான் அடிக்கிறேன்."

இடுகாட்டில் மழை பிடித்துக்கொண்டது.
இறக்கினார்கள். மண் தள்ளினார்கள்.
மூத்த மகன் இரண்டு கையாலும்
உறையை நீட்டினான்.

திரும்பும்போது லாரியின் பின்தட்டில்
கேன்வாசுக்கு அடியில் ஆறு பேர், ஆறு வாத்தியம்.
இருபுறமும் பனை, அதற்குப் பின்னாலும் பனை.
யாரும் கேட்காமலே அலோசியஸ்
சற்றுமுன் ஊதி முடித்த துக்க மெட்டை எடுத்து
இரண்டு மடங்கு வேகத்தில் விட்டார்.
நடுவில் ஓரிடத்தில் வேண்டுமென்றே வளைத்தார்,
ஈரத் துணியைப் பிழிவதுபோல.
ஒச்சப்பன் குச்சியை எறிந்துவிட்டு
விரல்களால் ஏறிக்கொண்டான்.

"இதைத்தான் ஜாஸ் என்கிறான்.
நியூ ஆர்லியன்ஸில்
பிணத்தோடு போகும்போது அழுகை,
புதைத்துவிட்டு வரும்போது ஆட்டம்."
பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில்
கைப்பேசியில் படித்திருப்பார்; பாதி அவரே சேர்த்தது.
பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்:
சங்கிலியோடு கப்பலிலிருந்து இறங்கியவர்களை,
அவர்கள் முதுகை வாங்கிக்கொண்ட கரும்பை, பருத்தியை,
ஒருவன் கூவ நிரை முழுதும் திருப்பிக் கூவியதை,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடவிட்ட திடலை.
சண்டை ஓய்ந்ததும் பட்டாளத்துக் கொம்புகள்
அடகுக் கடையில் மலிவாய்த் தொங்கினவாம்.
மாதா கோயில் பாட்டும் சாராயக் கடைப் பாட்டும்
அந்தக் கொம்புக்குள் இடித்துக்கொண்டனவாம்.
அப்புறம் படகேறி, ரயிலேறி, வடக்கே போய்
போன ஊரிலெல்லாம் சட்டை மாற்றி...

"எந்த வருசம்ணே பொறந்துச்சு?"
"யாரும் எழுதி வைக்கலடா."
"அப்ப அதுக்கும் சூராட் பெரானாக் இல்ல."

பதிவிலாகாவுக்கு ஒருமுறை அவனோடு போயிருக்கிறேன்.
பிறந்த இடம் என்று கேட்டாள் கவுண்டர்க்காரி.
லயம் என்றான்.
தோட்டம் விற்று, லயத்தை இடித்து,
அதன்மேல் கோல்ஃப் புல் முளைத்துப் பதினெட்டு வருடம்.
அவள் கணினியில் தேடினாள்,
அப்படி ஓர் ஊர் இல்லை.
சிவப்பு ஐசியையே மறுபடி கொடுத்தாள்.

வளைத்த அந்தச் சுரத்துக்குப் பெயர் நீலமாம்.
பியானோவின் வெள்ளைக் கட்டையில் இல்லை,
கறுப்பிலும் இல்லை, இடுக்கில் இருக்கிறதாம்.
"நீலமா?" என்றான் ஒச்சப்பன்.
"நாப்பத்திரண்டு வருசமா
அந்த வரிசையிலதாண்ணே நிக்கிறேன்."
டிரம்போன்காரன் சிரிக்கத் தொடங்கி,
கோழிச்சோற்றைப் பிரித்தான்.

ரயில்வே கேட்டில் லாரி நின்றது.
கெமாஸ் போகும் சரக்கு ரயில்.
ஒச்சப்பன் சக்கரத்தோடு சேர்ந்து அடித்தான்,
பிறகு அதற்கும் ஒரு மயிரிழை பிந்தி.
அந்த இடைவெளியில் நான் நுழைந்தேன்;
தாள் இல்லை, என்ன ஊதினேன் என்று
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.
கேட் திறந்தும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்
பொறுமையிழந்து ஹாரன் அடித்தது.
அலோசியஸ் அதையும் வாங்கி
ஊதினார்.